தலைமையாசிரியரை அமர்த்துவது யார்? தமிழகப் பள்ளி ஆளுகையில் பெற்றோரின் இடமும் எதிர்ப்பும் – ஒரு வரலாற்று நோக்கு

ஆய்வுச்சுருக்கம்

பள்ளித் தலைமையாசிரியரையும் ஆசிரியர்களையும் அமர்த்தும் அதிகாரம் தமிழகத்தில் கடந்த இருநூறு ஆண்டுகளில் பலமுறை கைமாறியுள்ளது. திண்ணைப் பள்ளியில் கூலி கொடுத்தவரிடம் இருந்த அவ்வதிகாரம் உள்ளாட்சிக்கும், பின்னர் மாநில அரசுக்கும், தனியார் நிர்வாகத்துக்கும் சென்றது. இம்மாற்றங்கள் ஒவ்வொன்றிலும் பெற்றோருக்கு ஒரு பங்கு ஒதுக்கப்பட்டது. ஆனால் பள்ளியின் தலைமை குறித்துக் கருத்துரைக்கும் உரிமை அப்பங்கில் இடம்பெறவில்லை. அவர்களுடைய எதிர்ப்பு மனு, முற்றுகை, பிள்ளையை வேறு பள்ளிக்கு மாற்றுதல் ஆகிய வடிவங்களை எடுப்பதற்கு இதுவே காரணம் என இக்கட்டுரை வாதிடுகிறது. பெற்றோரை நியமனத்திலிருந்து விலக்கி வைத்ததற்கு வலுவான சமூகக் காரணங்களும் உண்டு என்பதை 2018-ஆம் ஆண்டின் இரு நிகழ்வுகளைக் கொண்டு விளக்குகிறது. நியமிக்கும் உரிமையும் கேட்கப்படும் உரிமையும் வெவ்வேறானவை என்பது இதன் முடிவு.

திறவுச்சொற்கள்: பள்ளி ஆளுகை, பெற்றோர், தலைமையாசிரியர் நியமனம், பள்ளி மேலாண்மைக் குழு, சாதி, சேக்காடு, திருவள்ளூர் மாவட்டம்.

1. முன்னுரை

சென்னையிலிருந்து அரக்கோணம் செல்லும் இருப்புப்பாதையில் ஆவடிக்கும் பட்டாபிராமுக்கும் இடையே அமைந்த ஊர் சேக்காடு. ஏரிப்பாசன ஊர்களாலான இப்பகுதி, இரண்டாம் உலகப்போர்க் காலத்து இராணுவ முகாமாலும், 1960களில் எழுந்த கனரக வாகனத் தொழிற்சாலை முதலிய பாதுகாப்புத் துறை ஆலைகளாலும் நகரமாக உருமாறியது. 1955-இல் ஆவடியில் கூடிய காங்கிரசு மாநாடு சமதர்மப் பாங்கான சமுதாயத்தைத் தன் குறிக்கோளாக அறிவித்தது. செங்கல்பட்டு மாவட்டத்தில் இருந்த இப்பகுதி 1997-இல் திருவள்ளூர் மாவட்டத்தில் சேர்ந்தது. 2019-இல் ஆவடி மாநகராட்சியின் எல்லைக்குள் வந்தது.

இத்தகைய ஓர் ஊரில் பிள்ளையைப் பள்ளியில் சேர்க்க எண்ணும் பெற்றோர் முன் நான்கு வகைப் பள்ளிகள் நிற்கின்றன. முதலாவது அரசுப் பள்ளி. இரண்டாவது சமய அமைப்புகளோ அறக்கட்டளைகளோ நடத்தும் அரசு உதவிபெறும் பள்ளி. மூன்றாவது கட்டணம் பெற்று நடக்கும் தனியார் பள்ளி. நான்காவது, பாதுகாப்புத் துறையினர் நிறைந்த ஆவடிக்கே உரிய கேந்திரிய வித்தியாலயம். ஒரே தெருவில் வாழும் நான்கு பிள்ளைகள் நான்கு பள்ளிகளுக்குச் செல்லலாம். அந்நான்கு பள்ளிகளிலும் தலைமையாசிரியரை அமர்த்துவோர் வெவ்வேறானவர்கள். அதற்கான சட்டங்களும் வெவ்வேறானவை. ஒன்று மட்டும் பொது. எந்தப் பள்ளியிலும் அந்நியமனத்தில் பெற்றோரின் கருத்து சட்டப்படி கேட்கப்படுவதில்லை.

இந்நிலை எவ்வாறு உருவாயிற்று, பெற்றோர் அதனை எவ்வாறு எதிர்கொண்டனர், அதனை மாற்றுவது நன்மையா என்னும் மூன்று வினாக்களை இக்கட்டுரை எடுத்துக்கொள்கிறது. சேக்காடு இங்குக் களஆய்வுக்குரிய ஊராக அமையவில்லை. பல்வகைப் பள்ளிகள் அருகருகே இயங்கும் புறநகரின் எடுத்துக்காட்டாகவே அமைகிறது. கட்டுரையின் சான்றுகள் சட்டங்கள், நீதிமன்றத் தீர்ப்புகள், பொதுவெளியில் பதிவான நிகழ்வுகள் ஆகியன.

2. சிக்கலின் வடிவம்: 2018-ஆம் ஆண்டின் இரு நிகழ்வுகள்

2018 ஜூன் திங்களில், சேக்காடு அமைந்த அதே திருவள்ளூர் மாவட்டத்தின் வடமேற்குக் கோடியில், பள்ளிப்பட்டுக்கு அருகிலுள்ள வெளியகரம் அரசு உயர்நிலைப் பள்ளியில் ஒரு நிகழ்வு நடந்தது. பணிநிரவலில் வேறு பள்ளிக்கு மாற்றப்பட்ட இளம் ஆங்கில ஆசிரியர் ஒருவரை மாணவர்கள் போகவிடாமல் கட்டிப்பிடித்து அழுதனர். பெற்றோரும் திரண்டு மாறுதலை நிறுத்துமாறு கோரினர். அக்காட்சி இந்தியா முழுவதும் செய்தியாயிற்று. கல்வித்துறை அம்மாறுதலைச் சில நாட்களுக்கு நிறுத்தி வைத்தது.

அடுத்த திங்களில், திருப்பூர் மாவட்டம் அவிநாசி வட்டாரத்தின் திருமலைக்கவுண்டம்பாளையம் அரசுப் பள்ளியில் பெற்றோர் மீண்டும் திரண்டனர். அப்பள்ளியின் சத்துணவுக் கூடத்துக்குச் சமையலராக வந்த அருந்ததியர் பெண் சமைத்தால் தம் பிள்ளைகளை அனுப்பமாட்டோம் என ஆதிக்கச் சாதியைச் சேர்ந்தோர் பள்ளியை முற்றுகையிட்டனர். வட்டார வளர்ச்சி அலுவலகம் அப்பெண்ணை இடமாற்றம் செய்தது. கண்டனம் எழுந்தபின் அம்மாற்ற ஆணை விலக்கப்பட்டது. எதிர்த்தோர்மீது வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தின்கீழ் வழக்குப் பதியப்பட்டது.

இரு நிகழ்வுகளையும் அருகருகே வைத்து நோக்குதல் தகும். இரண்டிலும் திரண்டவர்கள் பெற்றோர். இரண்டிலும் பொருள் ஒருவருடைய பணியிடம். இரண்டிலும் நிர்வாகம் முதலில் பணிந்தது. ஒன்று நல்லாசிரியர்பால் கொண்ட அன்பினால் விளைந்தது. மற்றொன்று தீண்டாமையால் விளைந்தது. சமையலர் பணி பள்ளித் தலைமை அன்று, சத்துணவுத் திட்டத்தின் கீழ்வரும் பணி என்னும் வேறுபாடு உண்டு. எனினும் பெற்றோரின் விருப்பம் முறையான வழியின்றிக் கூட்டத்தின் அழுத்தமாக வெளிப்படும்போது, நியாயமான கோரிக்கையையும் அநியாயமான கோரிக்கையையும் பிரித்தறியும் கருவி நிர்வாகத்திடம் இல்லை என்பதை இவ்விரண்டும் ஒருங்கே காட்டுகின்றன. அக்கருவி ஏன் உருவாகவில்லை என்பதற்கான விடை வரலாற்றில் உள்ளது.

3. திண்ணைப் பள்ளி: கூலி கொடுத்தவரின் அதிகாரம்

சென்னை மாகாண ஆளுநர் தாமஸ் மன்றோ 1822-இல் பணித்த கணக்கெடுப்பின்படி, 1826-இல் தொகுக்கப்பட்ட அறிக்கையில், 1,28,50,941 மக்கள்தொகை கொண்ட மாகாணத்தில் 12,498 பள்ளிகளும் 1,88,650 மாணவர்களும் இருந்தனர். ஆசிரியர்கள் திங்களுக்கு ஆறு அல்லது ஏழு ரூபாய்க்கு மேல் ஈட்டுவதில்லை என்று மன்றோ குறித்தார். அவ்வருவாயும் பெற்றோர் தரும் கூலியாகவும் தானியமாகவும் வந்தது.

இவ்வமைப்பில் ஆசிரியரை அமர்த்துவோரும் விலக்குவோரும் பெற்றோரே. ஆசிரியர் பிடிக்கவில்லையெனில் கூலி நின்றது, பள்ளியும் நின்றது. பெற்றோரின் அதிகாரம் இதனினும் நேரடியாக எக்காலத்தும் இருந்ததில்லை எனலாம். ஆனால் அங்குப் ‘பெற்றோர்’ என்னும் சொல்லின் எல்லை மிகக் குறுகியது. திண்ணை யாருடையதோ அவருடைய சாதி ஒழுங்கே பள்ளியின் ஒழுங்காயிற்று. தீண்டத்தகாதோராக ஒதுக்கப்பட்டோரின் பிள்ளைகள் அத்திண்ணையில் ஏற இயலவில்லை. 1894-இல் கர்னல் ஆல்காட் அடையாறில் பஞ்சமர்க்கெனத் தனி இலவசப் பள்ளி தொடங்க நேர்ந்ததே, பொதுப்பள்ளி எனப்பட்டவை யாருக்குப் பொதுவாக இருந்தன என்பதற்குச் சான்றாகும்.

ஆகவே பெற்றோரின் நேரடி அதிகாரத்தை இழந்துபோன பொற்காலமாகக் கருதுவதற்கில்லை. அவ்வதிகாரம் அரசுக்குச் சென்றபோதுதான், திண்ணைக்கு வெளியே நின்றவர்களுக்குப் பள்ளியின் கதவு சிறிதேனும் திறந்தது.

4. 1920-ஆம் ஆண்டுச் சட்டம்: வரி செலுத்துவோரும் தண்டம் செலுத்துவோரும்

1920-ஆம் ஆண்டின் சென்னைத் தொடக்கக் கல்விச் சட்டம் மாவட்டந்தோறும் கல்விக் குழுக்களை அமைத்தது. உள்ளாட்சிகள் கல்வி வரி விதிக்க வழிவகுத்தது. கட்டாயக் கல்வி அறிவிக்கப்பட்ட பகுதிகளில் பிள்ளையைப் பள்ளிக்கு அனுப்பாத பாதுகாவலர்மீது நடவடிக்கை எடுக்கவும் இடமளித்தது. இச்சட்டத்தில் பெற்றோர் இருமுறை தோன்றுகின்றனர்: வரி செலுத்துவோராக ஒருமுறை, கடமை தவறினால் தண்டம் செலுத்துவோராக மற்றொருமுறை. பள்ளியை நடத்துவதில் கருத்துரைப்போராக அவர்கள் தோன்றவில்லை. அப்பணி உள்ளாட்சிப் பேராளர்களுக்கும் நியமன உறுப்பினர்களுக்கும் உரியதாயிற்று.

மாவட்ட ஆட்சிக் கழகம் எனப்பட்ட ‘ஜில்லா போர்டு’ நிர்வாகத்தில் ஆசிரியரின் நியமனமும் இடமாற்றமும் உள்ளூர்ச் செல்வாக்குக்கு உட்பட்டன. தலைவரின் விருப்பத்துக்கு மாறாக நடந்த ஆசிரியர் தொலைவான ஊருக்கு மாற்றப்படுவது அக்காலத்து ஆசிரியர் இயக்கங்களின் நிலைத்த முறையீடுகளுள் ஒன்று. பின்னாளில் ஆசிரியர் சங்கங்கள் உள்ளாட்சியிடமிருந்து விடுபட்டு அரசுப் பணியாளராக வேண்டும் எனக் கோரியமைக்கு இவ்வனுபவமே அடித்தளம்.

5. சீரமைப்பு மாநாடுகள்: கொடையாளராகப் பெற்றோர்

1953-இல் இராசாசி அரசு ஊர்ப்புறத் தொடக்கப் பள்ளிகளில் கொண்டுவந்த பாதிநேரக் கல்வித் திட்டம், குலத்தொழிலை நிலைநிறுத்துவது என்னும் கண்டனத்தால் 1954-இல் கைவிடப்பட்டது. பள்ளி நேரம் பற்றிய ஒரு நிர்வாக முடிவு ஓர் ஆட்சியையே அசைக்கக்கூடும் என்பதை அது காட்டியது. அவ்வெதிர்ப்பு அரசியல் இயக்கங்களின் வழியே நடந்ததேயன்றிப் பள்ளி அளவிலான பெற்றோர் அமைப்புகளின் வழியே நடக்கவில்லை. அத்தகைய அமைப்புகள் அன்று வலுப்பெற்றிருக்கவில்லை.

அடுத்து வந்த காமராசர் ஆட்சி மக்களைப் பள்ளியோடு இணைக்க வேறு வழி கண்டது. கல்வி இயக்குநர் நெ. து. சுந்தரவடிவேலுவின் முயற்சியால் பள்ளிச் சீரமைப்பு மாநாடுகள் தொடங்கின. முதல் மாநாடு 1958-இல் கடம்பத்தூரில் நடந்தது. சேக்காட்டுக்கு மேற்கே, அதே இருப்புப்பாதையில், திருவள்ளூருக்கு அப்பால் உள்ள ஊர் அது. பள்ளிக்கு வேண்டிய கட்டடம், மேசை, நாற்காலி, சீருடை, நிலம் ஆகியவற்றை ஊரார் பட்டியலிட்டுத் தாமே வழங்கினர். 1956-இல் தொடங்கிய மதிய உணவுத் திட்டமும் ஊர்க்கொடையைத் துணையாகக் கொண்டது.

தமிழகக் கல்வி வரலாற்றில் இம்மாநாடுகளின் சிறப்பு மறுக்கவியலாதது. எனினும் பெற்றோருக்கும் பள்ளிக்கும் இடையிலான உறவை அவை ஒரு குறிப்பிட்ட அச்சில் வார்த்தன என்பதையும் நோக்க வேண்டும். பெற்றோர் கொடையாளராயினர், கொடையாளருக்கு நன்றி உரியது, மேடையில் பாராட்டு உரியது. கேள்வி கேட்கும் உரிமை அவ்வுறவின் பகுதியாக அமையவில்லை. பின்னர் வளர்ந்த பெற்றோர் ஆசிரியர் கழகங்களும் இவ்வச்சிலேயே வார்க்கப்பட்டன. காலிப் பணியிடங்களில் தொகுப்பூதியத்தில் ஆசிரியரை அமர்த்தும் வழக்கம் அக்கழகங்களின் வழியே நெடுங்காலம் நடந்தது. ஆகப் பெற்றோர் ஊதியம் திரட்டலாம்; யார் தலைமையில் அவ்வாசிரியர் பணிபுரிவார் என்பது அவர்கள் வினவும் பொருளன்று.

6. ஆசிரியரின் பாதுகாப்பும் பெற்றோரின் தொலைவும்

1958-ஆம் ஆண்டு ஊராட்சிகள் சட்டத்தையடுத்து மாவட்டக் கழகங்கள் மறைந்து ஊராட்சி ஒன்றியங்கள் எழுந்தன; ஊர்ப்புறத் தொடக்கப் பள்ளிகள் அவற்றின் பொறுப்பில் வந்தன. 1981 ஜூன் 1 முதல் ஊராட்சி ஒன்றிய ஆசிரியர்கள் அரசு ஊழியராயினர். பணிமூப்பு, பதவி உயர்வு, கலந்தாய்வு வழி இடமாறுதல் ஆகியவை விதிகளுக்குள் வந்தன. ஊர்ப் பெரியவரின் கோபத்துக்கு ஆளாகும் அச்சம் ஆசிரியருக்குக் குறைந்தது. ஒடுக்கப்பட்ட சாதிகளைச் சேர்ந்தோரும் பெண்களும் தலைமையாசிரியராக உயர்ந்தமைக்கு இட ஒதுக்கீட்டோடு இப்பணிப் பாதுகாப்பும் துணைநின்றது. ஊரின் விருப்பத்தைக் கேட்டுத் தலைமையாசிரியரை அமர்த்தியிருந்தால், எத்தனை ஊர்கள் ஒரு பட்டியலினத் தலைமையாசிரியரை ஏற்றிருக்கும் என்னும் வினாவைத் தவிர்க்க இயலாது.

இப்பாதுகாப்புக்கு ஒரு விலையும் இருந்தது. பள்ளியின் தலைமை பணிமூப்புப் பட்டியலின் விளைவாயிற்று. 2023 டிசம்பரில் வெளியான அரசாணை 243, தொடக்கக் கல்வியில் ஒன்றிய அளவில் இருந்த பணிமூப்பை மாநில அளவினதாக மாற்றியது. ஆசிரியர் சங்கங்களில் கடும் எதிர்ப்பு எழுந்தது. விவாதமும் முற்றிலும் பணிநிலை பற்றியதாகவே நடந்தது. பள்ளியின் தலைமை அவ்வட்டாரத்தை அறிந்தவராக இருத்தல் பிள்ளைகளுக்கு நன்மையா என்னும் வினா அவ்விவாதத்தின் விளிம்பிலேயே நின்றது.

7. தனியார் பள்ளிகள்: நிர்வாகத்தின் உரிமை

உதவிபெறும் பள்ளிகளில் நிலைமை வேறு. 1973-ஆம் ஆண்டின் தமிழ்நாடு அங்கீகரிக்கப்பட்ட தனியார் பள்ளிகள் ஒழுங்குமுறைச் சட்டம் பள்ளிக்குழு என ஓர் அமைப்பை வகுத்து, ஆசிரியரை அமர்த்தும் பொறுப்பை அதனிடம் தந்தது. பதவி உயர்வில் தகுதியும் திறமையும் முதலில் நோக்கப்படும். அவை ஏறத்தாழ ஒத்திருப்பின் பணிமூப்பு நோக்கப்படும் என விதிகள் கூறின. இவ்விதியை மையமாகக் கொண்டு நீதிமன்றம் சென்ற தலைமையாசிரியர் வழக்குகள் ஆசிரியருக்கும் நிர்வாகத்துக்கும் இடைப்பட்டவை. பெற்றோருக்கு அவ்வழக்குகளில் இடமில்லை.

சிறுபான்மையினர் பள்ளிகளில் நிர்வாகத்தின் உரிமை மேலும் வலுவானது. அரசமைப்பின் 30-ஆம் உறுப்பு தரும் நிர்வாக உரிமையில் தலைமையாசிரியரைத் தெரிவுசெய்வது முதன்மையான கூறு என உச்ச நீதிமன்றம் 1998-இல் அம்மத் வழக்கில் கூறியது. பணிமூப்பில் முன்னிற்பவரை விடுத்துத் தகுதியுடைய வேறொருவரை அமர்த்தவும் நிர்வாகத்துக்கு உரிமை உண்டு.

கட்டணப் பள்ளிகளில் பெற்றோரின் குரல் ஒரு துறையில் மட்டும் சட்டவடிவம் பெற்றது. 2009-ஆம் ஆண்டின் கட்டண ஒழுங்குமுறைச் சட்டத்தின்கீழ் ஓய்வுபெற்ற உயர்நீதிமன்ற நீதிபதி தலைமையில் குழு அமைந்தது. நீதிபதி கே. கோவிந்தராசன் குழு 2010-இல் பத்தாயிரத்துக்கும் மேற்பட்ட பள்ளிகளுக்குக் கட்டணம் வரையறுத்தது. வரையறையை மீறிய பள்ளிகளின் முன் பெற்றோர் திரண்டதும், அக்குழுவிடம் முறையிட்டதும் அடுத்த ஆண்டுகளில் புறநகரெங்கும் காணப்பட்ட காட்சிகள். பணத்தைப் பற்றி முறையிட ஒரு மன்றம் கிடைத்தது. கல்வியின் தரத்தை முடிவுசெய்யும் தலைமையைப் பற்றி முறையிட அத்தகைய மன்றம் எழவில்லை. பெற்றோரை நுகர்வோராகச் சட்டம் ஏற்றது; பள்ளியின் பங்காளியாக ஏற்கவில்லை.

கேந்திரிய வித்தியாலயத்தில் மேலாண்மைக் குழு உண்டு. அதில் பெற்றோர் பேராளரும் உண்டு. ஆயின் முதல்வரை அமர்த்துவது தில்லியைத் தலைமையிடமாகக் கொண்ட சங்கதன். ஆவடியின் பெற்றோருக்கு அம்முடிவு மாறுதல் ஆணையாகவே வந்து சேரும்.

8. நீதிமன்றக் கதவு

பெற்றோர் ஒருவர் தம் பிள்ளையின் பள்ளிக்கு வந்த தலைமையாசிரியரின் நியமனத்தை நீதிமன்றத்தில் எதிர்க்க இயலுமா? பணி தொடர்பான பொருள்களில் பொதுநல வழக்கு ஏற்கத்தக்கதன்று என்பது 1998-இல் துரியோதன் சாகு வழக்கில் உச்ச நீதிமன்றம் கூறிய நெறி. பதவிக்குரிய சட்டத் தகுதியே இல்லாதவர் அமர்த்தப்பட்டால், எவ்வுரிமையால் இப்பதவியில் இருக்கிறீர் என வினவும் நீதிப்பேராணையை எவரும் கோரலாம். அது ஒன்றே விலக்கு.

இதன் பொருள் தெளிவானது. பட்டம் இல்லாதவரைப் பெற்றோர் எதிர்க்கலாம். பட்டம் பெற்றும் பள்ளிக்கு வாராதவரை, வந்தும் பிள்ளைகளை இழிவுசெய்பவரை, நியமனத்தின் அளவில் எதிர்க்க இயலாது. நடத்தை பற்றித் துறைக்கு முறையிடலாம். அம்முறையீட்டின்மேல் என்ன நடந்தது என்பது துறைக்கும் ஊழியருக்கும் இடைப்பட்ட பொருளாகிவிடும்.

9. பள்ளி மேலாண்மைக் குழு: எண்ணிக்கையும் அதிகாரமும்

2010 ஏப்ரல் 1 அன்று நடைமுறைக்கு வந்த கட்டாயக் கல்வி உரிமைச் சட்டம் பெற்றோரை எண்ணிக்கை அளவில் பள்ளியின் மையத்துக்குக் கொண்டுவந்தது. அதன் 21-ஆம் பிரிவின்படி பள்ளி மேலாண்மைக் குழுவில் நான்கில் மூன்று பங்கினர் பெற்றோர், பாதிப்பேர் பெண்கள், நலிந்த பிரிவினரின் பெற்றோருக்கு உரிய விகிதத்தில் இடம் உண்டு. இதற்குமுன் அனைவர்க்கும் கல்வித் திட்டத்தில் இருந்த கிராமக் கல்விக் குழுவுக்கு ஊராட்சித் தலைவர் தலைவராக இருந்தார். புதிய அமைப்பில் பெற்றோரில் ஒருவரே, பெரும்பாலும் தாயொருவரே, தலைவராகிறார். 2022-இல் ‘நம் பள்ளி நம் பெருமை’ என்னும் இயக்கத்தோடு தமிழகத்தின் அரசுப் பள்ளிகளில் இக்குழுக்கள் மறுகட்டமைக்கப்பட்டன. அப்போது 20 உறுப்பினரில் 15 பேர் பெற்றோராக இருந்தனர். கூலித்தொழிலாளியான ஒரு தாய் அரசு நிறுவனம் ஒன்றின் குழுவுக்குத் தலைமை தாங்குவது தமிழகப் பள்ளி வரலாற்றில் சிறிய மாற்றமன்று.

ஆனால் குழுவின் பணிகள் யாவை? பள்ளியைக் கண்காணித்தல், மேம்பாட்டுத் திட்டம் வகுத்தல், மானியச் செலவைப் பார்வையிடுதல். நியமனம் இப்பட்டியலில் இல்லை. அரசு உதவிபெறும் பள்ளிகளில் 2012-ஆம் ஆண்டுத் திருத்தத்தின்படி குழு அறிவுரை கூறும் அளவினதே. கட்டணப் பள்ளிகளுக்கு இக்குழு தேவையே இல்லை.

அமைப்பிலும் ஓர் இடர் உண்டு. குழுவைக் கூட்டுபவர் தலைமையாசிரியர். தீர்மானம் எழுதப்படுவதும் அவர் பொறுப்பில். தலைமையாசிரியர் பற்றிய குறையை, அவர் கூட்டும் கூட்டத்தில், அவர் பொறுப்பிலுள்ள பதிவேட்டில் எழுதச் சொல்ல வேண்டிய நிலையில் அத்தாய் இருக்கிறார். அவருடைய பிள்ளை மறுநாளும் அதே பள்ளிக்குச் செல்ல வேண்டும். குறை பதிவேட்டில் ஏறாமல் மாவட்ட ஆட்சியரின் திங்கட்கிழமைக் குறைதீர் நாளில் மனுவாக ஏறுவது இதனாலேயே.

கல்வி உரிமைச் சட்டம் தரும் வேறு சில பிடிகள் பெரிதும் பயன்படாமல் உள்ளன. மாணவர் எண்ணிக்கை தொடக்க நிலையில் 150-ஐயும் உயர்தொடக்க நிலையில் 100-ஐயும் தாண்டினால் தலைமையாசிரியர் வேண்டும் என்கிறது அதன் அட்டவணை. ஆசிரியர் காலியிடம் பத்து விழுக்காட்டைத் தாண்டலாகாது என்கிறது 26-ஆம் பிரிவு. பிள்ளையின் உரிமை குறித்து முறையிட்டால் மூன்று திங்களுக்குள் முடிவு வேண்டும் என்கிறது 32-ஆம் பிரிவு. ஆகத் தலைமையாசிரியர் இருக்க வேண்டும் எனக் கோரும் உரிமை பிள்ளைக்கு உண்டு. அவர் எத்தகையவராக இருக்க வேண்டும் எனக் கூறும் வாய்ப்பு பெற்றோருக்கு இல்லை.

இவ்வெல்லை ஒருமுறை சற்றே நகர்ந்தது. 2022 ஜூனில், அரசுப் பள்ளிகளின் 13,331 ஆசிரியர் காலியிடங்களை மேலாண்மைக் குழுக்களின் வழியே தற்காலிகமாக நிரப்ப அரசு முடிவுசெய்தது. இவற்றுள் இடைநிலை ஆசிரியர் 4,989, பட்டதாரி ஆசிரியர் 5,154, முதுநிலை ஆசிரியர் 3,188. மாத ஊதியம் முறையே 7,500, 10,000, 12,000 ரூபாய். தகுதித்தேர்வில் தேர்ச்சி பெற்றுக் காத்திருந்தோர் இதனை எதிர்த்தனர். உள்ளூர்ச் செல்வாக்குக்கும் முறைகேட்டுக்கும் இடமாகும் என்றனர். சென்னை உயர்நீதிமன்றத்தின் மதுரைக் கிளை இடைக்காலத் தடை விதித்தது. பின்னர்த் தகுதி வரையறைகளை வகுத்துரைத்தபின் நியமனங்கள் நடந்தன. பெற்றோர் குழுவுக்கு நியமனத்தில் சட்டப்படி ஒரு பங்கு கிடைத்தபோது, அது குறைந்த ஊதியத்துக்கு, தற்காலிகப் பணிக்கு, அரசு நிரப்பாத இடத்துக்குக் கிடைத்தது. பழைய கொடையாளர் அச்சு இங்கும் தொடர்வதைக் காணலாம்.

10. பிற நாட்டு அனுபவங்கள்

இச்சிக்கல் தமிழகத்துக்கு மட்டும் உரியதன்று. நியூயார்க்கின் ஓஷன்ஹில் – பிரவுன்ஸ்வில் பகுதியில், கருப்பினப் பெற்றோர் மிகுந்த உள்ளூர்க் கல்விக்குழு 1968-இல் ஆசிரியர், மேற்பார்வையாளர் 19 பேரைப் பள்ளிகளிலிருந்து விலக்க முனைந்தது. ஆசிரியர் சங்கம் முறையான விசாரணையின்றிப் பணி பறித்தல் ஆகாது என்றது. நகரமெங்கும் நடந்த வேலைநிறுத்தம் இரு தரப்பினரிடையே ஆறாத வடுவை விட்டுச்சென்றது. சிகாகோ வேறு வழியை நாடியது. 1988-ஆம் ஆண்டுச் சீர்திருத்தச் சட்டம் பள்ளிதோறும் தேர்ந்தெடுக்கப்பட்ட உள்ளூர்ப் பள்ளிக் குழுவை அமைத்து, அதில் பெற்றோர் அறுவர்க்கு இடமளித்து, நான்காண்டு ஒப்பந்தத்தில் முதல்வரைத் தெரிவுசெய்யும் அதிகாரத்தையும் தந்தது. முதல்வர் பதவிக்கு நிலையான காலவரையறை இருந்ததால், எதிர்ப்பு கலகமாகாமல் ஒப்பந்தத்தைப் புதுப்பிப்பதா என்னும் விவாதமாக நடக்க வழி ஏற்பட்டது.

தமிழர் வாழும் மலேசியாவிலும் பள்ளித் தலைமை நியமனம் பெரும் நெருக்கடியாயிற்று. 1987-இல் சீனமொழிப் பள்ளிகளுக்கு அம்மொழியில் உரிய கல்வித்தகுதி பெறாதோரை நிர்வாகப் பொறுப்புகளில் அமர்த்தியதை எதிர்த்துச் சீனக் கல்வி இயக்கத்தினரும் அரசியல் கட்சியினரும் அக்டோபர் 11 அன்று கோலாலம்பூரின் தியான் ஹௌ கோயிலில் கூடினர். பள்ளிப் புறக்கணிப்பும் அறிவிக்கப்பட்டது. இனப் பதற்றம் வளர்ந்த நிலையில், அக்டோபர் 27 அன்று தொடங்கிய லாலாங் நடவடிக்கையில் நூற்றுக்கும் மேற்பட்டோர் கைதாயினர். கல்விசார்ந்த ஒரு குறை உரிய காலத்தில் கேட்கப்படாவிடின் அது எவ்வளவு பெரிதாக வளரும் என்பதற்கு இது சான்று. தாய்மொழிப் பள்ளியின் தலைமை அம்மொழியை அறிந்திருக்க வேண்டும் என்னும் கோரிக்கை தமிழ்ப் பள்ளிகளைக் காக்க விழைவோர்க்கும் அயலானதன்று.

11. முடிவுரை

மேற்கண்டவற்றிலிருந்து மூன்று கருத்துகள் பெறப்படுகின்றன.

முதலாவது, தமிழகப் பள்ளி வரலாற்றில் பெற்றோர் கூலி கொடுப்போராகவும், வரி செலுத்துவோராகவும், கொடையாளராகவும், நுகர்வோராகவும், கண்காணிப்போராகவும் அடுத்தடுத்து வடிவெடுத்தனர். அரசுப் பள்ளி உருவான பின் எந்த வடிவிலும் தலைமை குறித்துக் கருத்துரைப்போராக அவர்கள் ஏற்கப்படவில்லை.

இரண்டாவது, அவ்விலக்கம் வெறும் அலுவலக ஆணவத்தால் விளைந்ததன்று. உள்ளூர் ஆதிக்கத்திலிருந்து ஆசிரியரையும், ஆதிக்கச் சாதியின் விருப்பத்திலிருந்து ஒடுக்கப்பட்டோரையும் காத்தது அது. திருமலைக்கவுண்டம்பாளையம் அக்காப்பு இன்றும் தேவை என்பதை உணர்த்துகிறது. எனவே நியமன அதிகாரத்தை அப்படியே பெற்றோரிடம் தருதல் தீர்வாகாது.

மூன்றாவது, நியமிக்கும் உரிமை வேறு. கேட்கப்படும் உரிமை வேறு. குழுவின் தீர்மானத்தைத் தலைமையாசிரியர் அல்லாத ஒருவர் பதிவுசெய்தல், தலைமை மாறும்போது பள்ளியின் தேவையைக் குழு எழுத்தில் தெரிவித்தல், பெற்றோரின் முறையீட்டுக்குக் காரணம் காட்டி எழுத்தில் விடையளித்தல் ஆகியவை ஆசிரியரின் பணிப் பாதுகாப்பைக் குலைக்காமல் செய்யத்தக்கவை. காரணத்தை எழுதச் செய்தலே நியாயமான கோரிக்கையை அநியாயமான கோரிக்கையிலிருந்து பிரிக்கும் கருவியாகும். இவரிடம் எங்கள் பிள்ளைகள் ஆங்கிலம் கற்றனர் என்பதை எழுதிக் கையொப்பமிடலாம். இவர் இன்ன சாதியினர், ஆதலால் வேண்டா என்று எழுதிக் கையொப்பமிட்டால் அம்மனுவே எழுதியவர்க்கு எதிரான சான்றாகிவிடும். கூட்டத்தின் முழக்கத்தில் மறைந்துகொள்ளும் நோக்கம் தாளில் மறைந்துகொள்ள இயலாது.

இவ்வழி அமையாதவரை, சேக்காடு போன்ற புறநகர்களில் பெற்றோரின் எதிர்ப்பு பெரும்பாலும் ஓசையின்றியே நடக்கும். அரசுப் பள்ளியில் மாற்றுச் சான்றிதழ் பெற்று அடுத்த தெருவிலுள்ள கட்டணப் பள்ளியில் பிள்ளையைச் சேர்ப்பதே அவ்வெதிர்ப்பு. கட்டணம் செலுத்த இயலாதவரிடம் அவ்வழியும் இல்லை. பள்ளியில் எஞ்சியிருக்கும் அவர்களுடைய பிள்ளைகளுக்காகவே பெற்றோரின் சொல் பதிவேட்டில் ஏற வேண்டியுள்ளது.